புகைக் கணக்கு பார்த்த ஊர்

மாதக் கடைசி வந்தால் வீட்டில் கணக்குப் பார்க்கிறோம். கூலி எவ்வளவு வந்தது? அரிசிக்கு எவ்வளவு போனது? மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு? வரவைவிடச் செலவு கூடினால் கடன் நிற்கும். கடன் ஏறினால் தூக்கம் வராது.

வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது. பஞ்சாயத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் ஊரில் எழும் புகைக்கு யாராவது கணக்கு எழுதுவார்களா?

எழுதினார்கள். கேரளத்தில் ஒரு பஞ்சாயத்து எழுதியது. அதன் பெயர் மீனங்காடி. அந்தக் கதையைப் படிப்போம்.

வானத்துக்கு ஏறும் கடன்

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். புகைக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு?

விறகு எரிகிறது. நிலக்கரி எரிகிறது. பெட்ரோலும் டீசலும் எரிகின்றன. எது எரிந்தாலும் கரியமில வாயு வெளிவரும். அது கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. அது காற்றில் கலந்து பூமியைச் சுற்றிப் போர்வை போல நிற்கிறது.

இரவில் போர்வை போர்த்தினால் உடம்புச் சூடு வெளியே போகாது. அதுபோல, இந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. போர்வை கொஞ்சம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூமி குளிரில் உறைந்துவிடும். ஆனால் போர்வை மேல் போர்வை போர்த்தினால் என்ன ஆகும்? வேர்க்கும், மூச்சு முட்டும்.

சுமார் 200 வருடங்களுக்கு முன் காற்றில் 10 லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420 பங்குக்கு மேல் போய்விட்டது. இதனால் பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது.

'ஒரு டிகிரிதானே' என்று நினைக்கக் கூடாது. நம் உடம்புச் சூடு ஒரு டிகிரி கூடினாலே காய்ச்சல் என்கிறோம். பூமிக்கும் இது காய்ச்சல்தான். பெய்ய வேண்டிய நாளில் மழை பெய்வதில்லை. பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது.

வயநாட்டில் என்ன நடந்தது?

மீனங்காடி இருப்பது வயநாடு மாவட்டத்தில். நமது நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கத்தை ஒட்டிய மலை மாவட்டம் அது. காப்பியும் மிளகும் அங்கே முக்கியப் பயிர்கள்.

காப்பிச் செடிக்கு மாசி, பங்குனி மாதங்களில் ஒரு மழை வேண்டும். அந்த மழை பெய்தால்தான் பூ மலரும். இதற்குப் பூ மழை என்று பெயர். பூ மழை தவறினால் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் காய் இல்லை. காய் இல்லாவிட்டால் அந்த வருடம் கையில் காசு இல்லை.

2024 ஜூலை 30 அன்று அதிகாலையில் வயநாட்டில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டது. முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்களைச் சேறும் பாறையும் மூடின. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பூமியின் வெப்பம் கூடியதால் அன்றைய மழை சுமார் 10 சதவீதம் அதிகமாகப் பெய்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இறந்தவர்களில் பலர் ஏழைத் தொழிலாளர்கள். அவர்கள் விட்ட புகை மிகக் கொஞ்சம். பட்ட துன்பமோ மிகப் பெரிது.

கணக்கு நோட்டு

மீனங்காடி பஞ்சாயத்தின் திட்டம் 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. ஊர் விடும் கரியமில வாயுவும், ஊரின் மரமும் மண்ணும் உறிஞ்சும் கரியமில வாயுவும் சமமாக வேண்டும். இதுதான் குறிக்கோள். அப்போது கேரளத்தின் நிதி அமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் இந்த யோசனைக்கு ஆதரவு கொடுத்தார்.

எவ்வளவு கடன் என்று தெரியாமல் கடனை அடைக்க முடியுமா? அதனால் முதலில் கணக்கெடுத்தார்கள். 'தணல்' என்ற அமைப்பு இதற்கு உதவியது. தமிழில் தணல் என்றால் நெருப்பு. மலையாளத்தில் தணல் என்றால் நிழல்!

ஊரில் வாகனங்கள் எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன? மின்சாரம் எவ்வளவு செலவாகிறது? அடுப்பில் என்ன எரிகிறது? மாடுகள் எத்தனை? குப்பை எவ்வளவு? மரங்கள் எத்தனை? எல்லாம் கணக்கில் வந்தன.

கணக்கின் முடிவு இதுதான்:

ஊர் ஒரு வருடத்தில் வெளியிட்டது, ஏறக்குறைய 33,000 டன்.
மரமும் மண்ணும் உறிஞ்சியது, ஏறக்குறைய 22,000 டன்.
மிச்சம் நின்றது, ஏறக்குறைய 11,000 டன்.

இந்த 11,000 டன்தான் கடன். இதை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புகையைக் குறைப்பது. இரண்டு, மரத்தைக் கூட்டுவது. வீட்டிலும் அப்படித்தானே? செலவைக் குறைக்க வேண்டும், வரவைக் கூட்ட வேண்டும்.

மரம் நிற்கட்டும், காசும் வரட்டும்

மரம் நடுங்கள் என்று சொல்வது சுலபம். நட்ட மரம் நிற்க வேண்டுமே? அதுதான் கஷ்டம்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். ஒரு விவசாயி அம்மா. கையளவு தோட்டம். அதில் வளரும் மரங்கள். மர வியாபாரி வாசலில் வந்து நிற்கிறார்.

"சேச்சி, அந்த மரங்களைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே ரொக்கம் தருகிறேன்."

சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா.

"இன்னும் சின்ன மரம்தானே தம்பி. பத்து வருடம் நின்றால் நல்ல விலை போகுமே."

"பத்து வருடம் கழித்து விலை போகும். மகளுக்குக் கல்லூரிப் பணம் இந்த மாதம்தானே கட்ட வேண்டும்?"

அந்த அம்மா என்ன பதில் சொல்வார்? மரம் நல்லது என்று அவருக்குத் தெரியும். நிழல் தரும் என்று தெரியும். மிளகுக் கொடி அதன் மேல்தான் ஏறுகிறது என்றும் தெரியும். ஆனால் கையில் காசு இல்லை. மரம் விழும்.

அப்படியானால் குற்றம் யார் மேல்? அந்த அம்மா மேலா? இல்லை. மரம் விழுந்தால்தான் காசு என்ற நிலைமை மேல்தான் குற்றம்.

மீனங்காடியில் இந்த நிலைமையை மாற்ற ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் மர வங்கித் திட்டம். நகையை அடகு வைத்துப் பணம் வாங்குகிறோம் அல்லவா? அதுபோல மரத்தை அடகு வைக்கலாம். ஆனால் மரம் வங்கிக்குப் போகாது. நம் தோட்டத்திலேயே நிற்கும்.

மாநில அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பணம் மீனங்காடி கூட்டுறவு வங்கியில் போடப்பட்டது. நட்ட கன்று மூன்று வருடம் பிழைத்து வளர வேண்டும். பிறகு ஒரு மரத்துக்கு ஒரு வருடத்துக்கு 50 ரூபாய் கடன் கிடைக்கும். இப்படிப் பத்து வருடம் கிடைக்கும். இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. மரம் நிற்கும் வரை பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசி மூலம் பதிவு செய்தார்கள். ஆகவே பொய்க் கணக்கு எழுத முடியாது.

கன்றுகள் எங்கிருந்து வந்தன? வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள் நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். ஊரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கன்றுகள் நடப்பட்டன. வேலையும் கிடைத்தது. மரமும் கிடைத்தது.

50 ரூபாய் பெரிய பணமா? இல்லைதான். ஆனால் நூறு மரம் உள்ளவருக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய். வியாபாரி வந்து நிற்கும்போது, 'இப்போது வேண்டாம் தம்பி' என்று சொல்ல அது கொஞ்சம் தைரியம் தரும்.

வெயிலை விற்ற விவசாயிகள்

மரத்தைக் கூட்டும் வழியைப் பார்த்தோம். புகையைக் குறைக்கும் வழிக்கு இன்னோர் ஊரைப் பார்ப்போம். அது குஜராத் மாநிலத்தில் கேடா மாவட்டத்தில் உள்ள டுண்டி கிராமம்.

அங்கே விவசாயிகள் டீசல் மோட்டாரில் தண்ணீர் இறைத்தார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். டீசல் விலையும் ஏறிக்கொண்டே போனது.

2015-ஆம் ஆண்டு ஆறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வயலில் சூரியத் தகடுகள் வைத்தார்கள். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் உதவி செய்தது. வெயிலில் மின்சாரம் வந்தது. மோட்டார் ஓடியது. பயிருக்குத் தண்ணீர் தேவைப்படாத நாட்களில் மிச்ச மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். ஒரு யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என்று 25 வருடத்துக்கு ஒப்பந்தம் ஆனது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சாரம் காசு ஆகும்போது யாரும் தேவையில்லாமல் தண்ணீர் இறைக்க மாட்டார்கள். நிலத்தடி நீரும் மிஞ்சும்.

மீனங்காடியில் மரம். டுண்டியில் வெயில். இரண்டு ஊருக்கும் பொதுவானது எது? காற்றுக்கு நல்லது செய்தவர் கையிலும் கொஞ்சம் காசு நின்றது. ஏழையின் வயிற்றை மறந்துவிட்டுப் பூமியைக் காப்பாற்ற முடியாது. வீட்டுக் கணக்கும் புகைக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும்.

நாம் செய்து என்ன ஆகும்?

ஒரு நியாயமான கேள்வி எழும். அமெரிக்காவில் ஒருவர் வருடத்துக்கு வெளியிடும் கரியமில வாயு 13 டன்னுக்கு மேல். இந்தியாவில் ஒருவருக்குச் சுமார் 2 டன்தான். கிராமத்து ஏழைக்கு அதைவிடவும் குறைவு. அதிகம் புகைவிட்டவர்கள்தான் முதலில் குறைக்க வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் கேட்டுக்கொண்டே சும்மா இருக்க முடியுமா? வெயில் நம் தலையில்தான் அடிக்கிறது. நம் ஊர் மரம் நமக்குத்தான் நிழல் தருகிறது. புகை இல்லாத அடுப்பு நம் வீட்டுப் பெண்களின் நெஞ்சைத்தான் காக்கிறது. டீசல் மிச்சமானால் நம் காசுதான் மிச்சம்.

மரம் ஒரே நாளில் வளராது. கடனும் ஒரே வருடத்தில் அடையாது. ஆனால் கணக்கு எழுதத் தொடங்க ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். எழுதத் தெரியும். கூட்டல், கழித்தல் தெரியும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேட்கலாமே: 'நம் ஊரின் புகைக் கணக்கு என்ன?'

சொல்லும் பொருளும்

உறிஞ்சுதல் – உள்ளே இழுத்துக்கொள்ளுதல்
டன் – 1,000 கிலோ
நாற்றங்கால் – கன்றுகளை முளைக்க வைத்து வளர்க்கும் இடம்
ஒப்பந்தம் – இருவர் பேசி எழுதிக்கொள்ளும் உறுதி
சூரியத் தகடு – வெயிலை மின்சாரமாக மாற்றும் பலகை

கணக்குப் போடுவோம்

1. ஒருவரிடம் 40 மரங்கள் உள்ளன. ஒரு மரத்துக்கு வருடம் 50 ரூபாய். அவருக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு கிடைக்கும்? பத்து வருடத்தில் எவ்வளவு?
2. டுண்டி ஒப்பந்த விலையில் 100 யூனிட் மின்சாரம் விற்றால் எவ்வளவு ரூபாய் கிடைக்கும்?
3. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே நேரம் எரிந்தால் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் வீட்டில் எத்தனை பல்புகள்? எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் மழை பெய்யும் காலம் மாறியிருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
2. சென்ற வருடம் உங்கள் தெருவில் எத்தனை மரங்கள் விழுந்தன? ஏன் வெட்டினார்கள்? எத்தனை கன்றுகள் பிழைத்தன?
3. வியாபாரிக்கு அந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பார்? நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?