பெரிய கையோடு எப்போது மோதவிடலாம்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் பையன்களுக்குப் புதிதாக கிளவுஸ் மாட்டிவிடத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கு இது. ஆறடி தாண்டி, 90 கிலோவுக்கு மேல் நிற்கிற பையன் ஒருவன் கிடைத்துவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. ‘எப்போ நேஷனல்?’ என்று ஊரே கேட்கும். பதில் சொல்லுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. பதக்கத்தை எண்ணாதே. கனத்த எடையில் நம் பக்கம் ஆள் கிடைப்பதே அரிது. இரண்டு பேர் பெயர் கொடுப்பார்கள், ஒருவன் வரமாட்டான், வாக் ஓவரில் தங்கம். கழுத்து நிறையப் பதக்கத்தோடு நிற்பவன், திருப்பி அடிக்கிற ஆள் முன்னால் முழுசாக மூன்று ரவுண்ட் நின்றிருக்கவே மாட்டான். ஒரு நோட்டுப் போடு. எதிராளி யார், எத்தனை ரவுண்ட் ஓடியது, அவன் திருப்பி அடித்தானா என்பதை மட்டும் எழுது.

2. அடி வாங்கிய பிறகு வரும் பத்து விநாடியைப் பார். இந்தத் தொழிலில் நான் நம்புகிற ஒரே பரீட்சை இதுதான். மூக்கில் சுத்தமாக ஒன்று விழுந்ததும் பையன் என்ன செய்கிறான்? கண்ணை மூடுகிறானா, முகத்தைத் திருப்புகிறானா, நேர்க்கோட்டில் பின்னால் போகிறானா, கோபத்தில் கையை வீசுகிறானா? இதில் எது நடந்தாலும் அவன் இன்னும் தயாரில்லை. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, தாடையைத் தாழ்த்தி, ஜாபைத் திரும்ப நீட்டினால் குறித்துக்கொள். மூன்றாவது ரவுண்டின் கடைசி நிமிடத்திலும் அதையே செய்தால் ஒரு படி ஏற்றலாம். கனத்த பையனுக்கு முதலில் கால் போகும், பிறகு கை கீழே இறங்கும், மூளை கடைசியில்தான் ஒத்துக்கொள்ளும்.

எல்லாரையும் முதல் நிமிடத்திலேயே சாய்க்கிற பையன்தான் ரொம்ப ஆபத்து. அவனைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது. அமெரிக்காவின் ஜெரி கூனி 25 போட்டியில் தோல்வியே காணாதவர். 1980 மே மாதத்திலிருந்து ஜிம்மி யங், ரான் லைல், கென் நார்ட்டன் என்று உச்சம் கடந்த பெரிய பெயர்களோடு மோதினார். மூன்றும் சேர்த்து ஆறே ரவுண்டில் முடிந்தன. நார்ட்டனுக்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் ரிங் ஏறவில்லை. 1982 ஜூனில் லாரி ஹோம்ஸ் முன்னால் நேராக உலகப் பட்டத்துக்கு நிறுத்தினார்கள். தைரியமாகத்தான் நின்றார், 13ஆவது ரவுண்டில் முடிந்தது. அந்த 13 ரவுண்டில் கற்றதை அவருக்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் அவர் கார்னரில் இருந்தவர்கள்.

3. எடை வந்தால் வயது வந்ததாக ஆகாது. நம் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பூஞ்சிட்டு, சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். உடம்பு பெருத்திருக்கிறதே என்று பூஞ்சிட்டைக் கொண்டுபோய் யாரும் பெரிய மாட்டோடு பூட்டுவதில்லை. மாட்டின் வயதறியப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற அந்தப் பொறுமை பையனுக்கும் வேண்டும். சூப்பர் ஹெவிவெயிட்டில் இந்தியாவுக்காக முதன்முதலில் ஒலிம்பிக் ஆடிய சதீஷ் குமார் உத்தரப்பிரதேசத்துக்காரர். கபடி ஆடிக்கொண்டிருந்தவர் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் குத்துச்சண்டைக்கு வந்தார். டோக்கியோவில் ரிங் ஏறியபோது அவருக்கு வயது 32.

மைக் டைசன் 20 வயதில் பட்டம் வாங்கவில்லையா என்று கேட்பாய். வாங்கினார். ஆனால் 1985 மார்ச்சில் தொடங்கி 1986 நவம்பருக்குள் 27 போட்டிகளை முடித்துவிட்டுத்தான் சாம்பியன் பெர்பிக் முன்னால் போனார். அது பாய்ச்சல் இல்லை, விடாமல் ஏறிய ஏணி. அத்தனை போட்டி உன்னால் ஏற்பாடு செய்ய முடியுமா?

4. ஒரு நேரத்தில் ஒரு கஷ்டம் போதும். உயரமானவன், நொட்டாங்கைக்காரன், கட்டிப்பிடித்துத் தோளில் சாய்ந்து மூச்சை வாங்குகிறவன், ஓடிக்கொண்டே குத்துகிறவன் என்று எதிராளிகள் பல வகை. பலம் கூடிய ஆளைக் கொடுத்தால் பழகிய பாணிக்காரனாகக் கொடு. பாணி புதிதென்றால் பலம் சமமாக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சூதாட்டம்.

5. கடினமான போட்டிக்கு முன் கடினமான ஸ்பாரிங். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. மோத ஆள் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தான். நமக்கு அந்த வசதி இல்லை. அதற்காக 60 கிலோ பையன்களை உன் ஆள் முன்னால் நிறுத்தி அடிக்கவிடாதே. அவர்களுக்குக் காயம், இவனுக்குச் சோம்பல். 75, 80 கிலோவில் வேகமான பையன்களோடு கால் வேலைக்காக மட்டும், அடியை அடக்கிப் பழகட்டும். முழுப் பலத்துக்குச் சென்னைக்குத்தான் போகவேண்டும். சேது எக்ஸ்பிரசில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போனவனை அன்று காலையே ரிங்கில் ஏற்றாதே.

6. கடலையும் கணக்கில் எடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. மீனவ வீட்டுப் பையன் முழுசாக உன்னிடம் இருக்கிற காலம் அதுதான், உடம்பைக் கட்டு. தடை முடிந்து படகேறிவிட்டால் தூக்கம் போச்சு. வலை இழுத்த தோள் பார்க்க முறுக்காக இருக்கும், ரிங்கில் இறுகிப்போகும். அந்த வாரங்களில் பெரிய ஆளோடு போட்டி ஒத்துக்கொள்ளாதே.

7. தோற்றால் ஒரு படி இறக்கு, ஒதுக்கிவிடாதே. தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கிடையாது, அது விதி. பிறகு எளிதான ஆளிடமிருந்து தொடங்கு. லண்டனின் டேனியல் டுப்வா 2020இல் ஜோ ஜாய்சிடம் கண்குழி எலும்பு உடைந்து, முட்டிபோட்டுத் தோற்றார். கோழை என்றார்கள். 2024 செப்டம்பரில் அதே பையன் ஆன்டனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார்.

8. பெரிய ஆளுக்குச் சம்மதம் சொன்னவன் நீ. டவலும் உன் கையில்தான் இருக்கவேண்டும். டோக்கியோவில் சதீஷ் குமார் முகத்தில் 13 தையலோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவ் முன்னால் நின்றார். மருத்துவர்கள் அனுமதித்தார்கள், 32 வயது ராணுவ வீரர், ஒலிம்பிக், அது அவர் முடிவு. மாநிலப் போட்டியில் நிற்கிற உன் 18 வயதுப் பையனுக்கு அந்த முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காதே.

9. யாருக்காக அவசரம் என்று கேள். ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். அப்பாவும் மாமாவும் நெருக்குவது நியாயம்தான். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘இந்த வருசம் பையன் தாங்கமாட்டான்’ என்று நேராகச் சொல். சொல்லத் தைரியம் இல்லையென்றால் இந்த வேலைக்கு வராதே.

10. கடைசியாக ஒரு வேண்டுகோள். ராமநாதபுரம், பரமக்குடி, தொண்டி, ராமேஸ்வரம் என்று ஆளுக்கொரு மூலையில் ஒவ்வொரு கனத்த பையனை வைத்துக்கொண்டு, என் பையன் உன் பையன் என்று ஒளித்துவைக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி ஸ்பாரிங் வையுங்கள்.