ஒரே பாகம், இரண்டு பெயர்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு டிசைன் பாடம்

நண்பர்களே, முதல்ல ஒரு கேள்வி. உங்க முன்னாடி இரண்டு அசெம்ப்ளி இருக்கு. அளவு, மெட்டீரியல், எடை, டாலரன்ஸ் எல்லாமே ஒண்ணுதான். பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னு சொல்ல முடியாது. ஆனா சட்டத்தின் பார்வையில் ஒண்ணு சாதாரணப் பொருள். இன்னொண்ணு பத்து வருஷம் வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். எப்படி?

என் பெரியப்பா பையன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். அவனோட அறை நண்பர், அந்த ஊர்க்காரர், ஏ.ஆர்.-15 ரக ரைஃபிள் பாகங்களை வாங்கி மேஜையில் பரப்பி வெச்சு ஒரு பிஸ்டல் கட்டிட்டு இருந்தாராம். "ரைஃபிள் பாகத்துல பிஸ்டலா? அது சட்டப்படி சரியா?"ன்னு அண்ணன் வீடியோ காலில் என்கிட்ட கேட்டான். அந்தக் கேள்விக்காகப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல வரையறைகள். அமெரிக்க மத்திய சட்டப்படி ரைஃபிள்னா தோளில் வெச்சுச் சுடறதுக்காக வடிவமைச்சது. பிஸ்டல்னா ஒரு கையில் பிடிச்சுச் சுடறதுக்காக வடிவமைச்சது. ரைஃபிளுக்குக் குழல் குறைஞ்சது 16 அங்குலம், மொத்த நீளம் குறைஞ்சது 26 அங்குலம் இருக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது "குட்டைக்குழல் ரைஃபிள்". 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அதை முன்கூட்டியே அனுமதி வாங்கி, பதிவு செஞ்ச பிறகுதான் செய்யலாம். பிஸ்டலுக்கு இந்தக் குழல் நீள வரம்பு கிடையாது.

ஏன் இப்படி ஒரு விநோதம்? மதுவிலக்குக் கால கும்பல் வன்முறைக்குப் பிறகு வந்த சட்டம் அது. முதல் வரைவில் பிஸ்டல், ரிவால்வரும் சேர்ந்திருந்தது. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தா, ஆட்கள் ரைஃபிளை வெட்டிக் குட்டையாக்கிடுவாங்கன்னு அந்த ஓட்டையையும் அடைச்சாங்க. அப்புறம் விவாதத்துல கைத்துப்பாக்கியை நீக்கிட்டாங்க. ஓட்டையை அடைச்ச விதி மட்டும் அப்படியே நின்னு போச்சு. ரெக்வயர்மெண்ட் போன பிறகும் கோடில் மிச்சமிருக்கிற ஃபங்ஷன் மாதிரி!

அடுத்து, சட்டப்படி "துப்பாக்கி" எந்தப் பாகம்? நாம குழல்னு நினைப்போம். ஏ.ஆர்.-15-ல் அது ட்ரிகர் உட்காரும் கீழ் ரிசீவர். சீரியல் நம்பர் அதுலதான் இருக்கும். மத்ததெல்லாம் வெறும் உதிரிபாகம். அதனால ஒரு கேள்வி முக்கியமாகுது: இந்த ரிசீவர் முதன்முதலா எதுவா பூட்டப்பட்டது?

முதல்ல பிஸ்டலா பூட்டியிருந்தா, அப்புறம் நீளக் குழலும் தோள்கட்டையும் போட்டு ரைஃபிளாக்கலாம். திரும்பப் பிஸ்டலாவும் மாத்தலாம். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். 2011-ல் இதை எழுத்துப்பூர்வமா சொல்லியிருக்கு. ஆனா முதல்ல ரைஃபிளா பிறந்த ரிசீவர்ல குட்டைக் குழலை மாட்டினா, தோள்கட்டையைக் கழட்டிட்டாலும் அது பிஸ்டல் ஆகாது. "ரைஃபிளிலிருந்து செய்யப்பட்ட ஆயுதம்"னு 1934 சட்டத்துக்குள்ள போயிடும். ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வித்தியாசம் டிராயிங்ல இல்லை. பாகத்தோட வரலாற்றுல இருக்கு.

சரி, இன்னும் பூட்டவே இல்லாத பாகங்கள் மேஜையில் கிடந்தா? இதுக்கு 1992-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கு. தாம்சன்/சென்டர் நிறுவனம் ஒரு பிஸ்டலையும், கூடவே 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் கொண்ட கிட்டையும் வித்தது. பிஸ்டலின் 10 அங்குலக் குழலோட தோள்கட்டையைச் சேர்த்தா குட்டைக்குழல் ரைஃபிள் ஆயிடுமேன்னு அரசு வரி கேட்டது. நிறுவனம் ஜெயிச்சது. அந்தப் பாகங்களைச் சட்டபூர்வமா சேர்க்கவும் வழி இருக்கு. சட்டம் தெளிவில்லாதப்போ, தண்டனை தரும் சட்டத்தைக் குடிமகனுக்குச் சாதகமா படிக்கணும்ங்கிறது தீர்ப்போட சாரம். இதையே திருப்பிப் படிங்க: கையில இருக்கிற பாகங்களுக்குச் சட்டவிரோதச் சேர்க்கை மட்டும்தான் உபயோகம்னா, "நான் இன்னும் பூட்டலையே"ங்கிற பதில் காப்பாத்தாது.

சின்ன ஆக்சஸரியும் வகையை மாத்தும். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவான பிஸ்டலில் முன்பக்கம் செங்குத்துக் கைப்பிடி ஒண்ணு மாட்டினா, "ஒரு கையில் பிடிக்க வடிவமைச்சது"ங்கிற வரையறை உடைஞ்சிடும்னு ஏ.டி.எஃப். சொல்லுது. அப்புறம் அதுக்கும் பதிவு வேணும்.

பெரிய குழப்பம் "பிரேஸ்"ல வந்தது. பிஸ்டலின் பின்பக்கத்தை முன்கையோட சேர்த்துக் கட்டும் இந்தப் பாகம், மாற்றுத்திறனாளிகளுக்காக உருவானது. 2012-ல் ஏ.டி.எஃப். சரின்னது. 2015-ல், தோளில் வெச்சுச் சுட்டா அது மறுவடிவமைப்புன்னது. 2017-ல் அதைத் தளர்த்தியது. 2023-ல் வந்த புது விதி, பிரேஸ் போட்ட ஏராளமான பிஸ்டல்களைக் குட்டைக்குழல் ரைஃபிள்னு வகைப்படுத்தியது. 2024 ஜூனில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செஞ்சது. பொருள் மாறவே இல்லை. அதோட பெயர் மட்டும் மாறிட்டே இருந்தது.

1934-ல் போட்ட 200 டாலர் வரி, குட்டைக்குழல் ரைஃபிளுக்கு 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். "அப்போ பிரச்சினை தீர்ந்தது"ன்னு நினைக்காதீங்க. முன் அனுமதி, கைரேகை, பதிவு எல்லாம் அப்படியே இருக்கு. கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்களில் இதைவிடக் கடுமையான தனிச்சட்டங்களும் உண்டு.

இப்போ நம்ம விஷயம். நம்ம வகுப்புல பல பேர் எம்.எஸ். கனவோட இருக்கீங்க. எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் போறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கிறது பொதுவா மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான். "வெச்சிருக்கிறது"ங்கிறதுக்குக் கையில பிடிச்சிருக்கிறது மட்டும் அர்த்தமில்லை, உங்க கட்டுப்பாட்டில் இருப்பதும் சேரும். அதனால அண்ணன்கிட்ட நான் சொன்னது இதுதான்: "அவர் கட்டறது சரியா தப்பாங்கிறதை அவரோட வக்கீல் பார்த்துப்பார். அந்தப் பார்சலை உன் பேர்ல வாங்காதே, உன் அலமாரியில வைக்க விடாதே." "சும்மா உதிரிபாகம்தானேடா?"ன்னான். எந்த உதிரிபாகம் சட்டப்படி துப்பாக்கின்னு மேலே பார்த்தோமே, அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நம்ம நாட்டில் கேள்வியே வேற. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும் உரிமம் வேணும், குழலை வெட்டிக் குறைக்கவும் உரிமம் வேணும். லேப்ல லேத் இருக்குங்கிறது அனுமதி ஆகாது.

நாலு வருஷமா பாகத்தோட அளவை மட்டுமே பார்க்கக் கத்துக்கிட்டோம். இது எதுக்காகச் செஞ்சது, முதல்ல என்னவா இருந்தது, யார் கையில இருக்குன்னு சட்டம் கேட்குது. அடுத்த முறை எந்தப் பொருளை டிசைன் பண்ணினாலும் இந்த மூணையும் டிராயிங் ஓரத்துல எழுதி வெச்சுப் பாருங்க.