தெருக் கூடைப்பந்தும் நாம் காணும் காட்சிகளும்

கூடைப்பந்து ஆடும் மாணவியர் விடுமுறை நாட்களில் கைப்பேசியில் விரும்பிப் பார்ப்பவற்றுள் தெருக் கூடைப்பந்துக் காட்சிகளும் ஒன்று. சிமெண்டுத் தரை, அதைச் சுற்றிக் கம்பிவேலி, வேலியோரம் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். நடுவே ஒருவர் பந்தைக் கால்களுக்கிடையே தட்டி, முதுகுக்குப் பின்னால் சுழற்றி, எதிரே நிற்பவரைத் தடுமாறி விழச் செய்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பத்து விநாடியில் காட்சி முடிந்துவிடுகிறது. நாமோ மீண்டும் முதலிலிருந்து பார்க்கிறோம். இதில் நம்மை ஈர்ப்பது எது? பள்ளிக் கூடைப்பந்துக் குழுவினராகிய நாங்கள் இதைச் சற்று ஆராய முற்பட்டோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் கூறுவோம்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார் என்பது நாம் படித்ததே. அவர் வகுத்த 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது பற்றிய பேச்சே இல்லை. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். நகர முடியாமல் தவித்த ஆட்டக்காரர்கள், பந்தைத் தரையில் தட்டித் தாங்களே மீண்டும் பிடித்து, விதியை மீறாமலே முன்னேறக் கற்றுக்கொண்டனர். ஆக, நாம் 'டிரிப்ளிங்' என்று சொல்வது ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தது. அதற்குரிய விதி பின்னர்தான் வந்தது. தெரு ஆட்டத்தின் வேர் இங்கேயே இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அந்த வேர் தழைத்த இடம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதி. அங்கே நகரப் பூங்காத் துறையில் பணிபுரிந்த ஹோல்கோம்ப் ரக்கர் என்பவர் ஏழைச் சிறுவர்களைத் திரட்டிக் கோடைகாலப் போட்டிகள் நடத்தினார். அவர்களைப் படிப்பிலும் கவனம் செலுத்தச் செய்து, பலருக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்க வழிசெய்தார். அவர் 1965-இல் மறைந்தார். 155-ஆம் தெருவிலுள்ள மைதானம் இன்று அவர் பெயரால் ரக்கர் பூங்கா என்றே வழங்குகிறது. வில்ட் சேம்பர்லின் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்களும் கோடையில் அங்கு வந்து, உள்ளூர் இளைஞர்களோடு மோதினர். 1970-களின் தொடக்கத்தில் ஜூலியஸ் எர்விங் ஆடிய நாட்களில் இடம் கிடைக்காதவர்கள் மரங்களிலும் கூரைகளிலும் ஏறி நின்று பார்த்தனராம்.

அக்காலத்தில் இவற்றைப் படம் பிடித்தவர் மிகச் சிலரே. புகழ் வாய்வழியாகவே பரவியது. ஏர்ல் மானிகால்ட் என்ற ஹார்லெம் இளைஞர் உயரே எழும்பிப் பலகையின் உச்சியிலிருந்து நாணயத்தை எடுத்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையோ மிகையோ, காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. ஆனால் கரீம் அப்துல் ஜப்பாரே தாம் எதிர்த்து ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர் என்று அவரைக் குறிப்பிட்டிருக்கிறார். போதைப்பொருள் அவர் வாழ்வைக் கெடுத்தது. தொழில்முறை ஆட்டம் அவருக்கு எட்டவேயில்லை. பிற்காலத்தில் திருந்தி, தம் பகுதிச் சிறுவர்களுக்காகப் போட்டிகள் நடத்தினார். 1998-இல் காலமானார்.

அதே 1998-இல்தான் ஒரு வீடியோ கேசட் வெளிவந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ரேஃபர் ஆல்ஸ்டன் என்ற இளைஞரின் ஆட்டத்தை அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் ஒரு நாடாவில் வைத்திருந்தார். அது 'ஆண்ட் ஒன்' என்ற காலணி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. (கூடை போடும்போது எதிரணியினர் தவறிழைத்தால், கூடையும் கணக்கில் சேரும், கூடுதலாக ஓர் எறிதலும் கிடைக்கும். அந்த ஓர் எறிதலே நிறுவனத்தின் பெயர்.) மங்கலான அப்படத்தின் சிறந்த துணுக்குகளை வெட்டி ஒட்டி, ஹிப்-ஹாப் இசையும் சேர்த்து வெளியிட்டார்கள். காலணி வாங்கியோருக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். துள்ளித் துள்ளிப் பந்தைத் தட்டிச் செல்லும் ஆல்ஸ்டனுக்கு, ஒரு குழந்தைப் பாடலின் பெயரால் 'ஸ்கிப் டு மை லூ' என்ற பட்டப்பெயர் இருந்தது. அது உலகெங்கும் பரவிற்று. அடுத்தடுத்துப் பல கேசட்டுகள், ஊர் ஊராகச் சுற்றுப்பயணம், 2002 முதல் தொலைக்காட்சித் தொடர் என்று அம்முயற்சி வளர்ந்தது. ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிரேசன் பௌச்சர் என்ற, உயரம் அதிகமில்லாத இளைஞர் 2003-இல் அக்குழுவில் சேர்ந்து, 'புரொஃபசர்' என்று பெயர் பெற்றார். இன்று நாம் கைப்பேசியில் பார்ப்பவற்றுள் பல அவருடையவை.

இனி அந்த வித்தைக்கு வருவோம். 'கிராஸ்ஓவர்' என்பது பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சட்டென்று மாற்றுவது. தடுப்பவர் எதைப் பார்த்து ஏமாறுகிறார்? பந்தை மட்டுமன்று, எதிரே வருபவரின் தோளையும் இடுப்பையும் பார்த்தே ஏமாறுகிறார். தோள் வலப்பக்கம் சாய்ந்தால், அவர் தம் உடற்பாரத்தை அந்தத் திசைக்குரிய காலில் இறக்குகிறார். பாரம் இறங்கிய காலை உடனே எடுக்க இயலாது. தரையை உதைத்துத்தான் திரும்ப வேண்டும். அந்த நொடிப்பொழுதில் பந்து இடப்பக்கம் போய்விடுகிறது. அவசரப்பட்டுத் திரும்பினால் கால்கள் பின்னிக்கொண்டு விழ வேண்டியதுதான். ஆடிப் பார்க்காதவர் இதை வேடிக்கையாகக் காண்கிறார். ஆடியவரோ தம் முழங்காலிலேயே அதை உணர்கிறார். கூடைப்பந்து ரசிகர்களுக்கு இக்காட்சிகள் சலிக்காததற்கு இதுவே முதற்காரணம் என்போம். இசையும் ஒலிபெருக்கியில் கேலி பேசும் அறிவிப்பாளரும் அதற்குப் பிறகுதான்.

இப்போது எங்கள் கதை. சென்ற ஆண்டு ஒரு போட்டியில், ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது எங்களுள் ஒருத்தி, வீடியோவில் கற்ற வித்தையால் எதிரணியினர் இருவரை அடுத்தடுத்து ஏமாற்றிச் சென்றாள். மைதானமே ஆர்ப்பரித்தது. உடனே நடுவரின் விசில்! உள்ளங்கை பந்தின் அடியில் சென்றுவிட்டதாம், 'கேரி'. இரண்டு புள்ளிகளில் தோற்றோம். திரும்பும் வழியில் பேருந்தில் யாரும் அவளுடன் பேசவில்லை. அவளும் ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எல்லோரையும் அமர்த்தி, அதே வீடியோவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார். "மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள், எண்ணுங்கள்" என்றார். எண்ணினோம். பல காட்சிகளில் அவர்கள் படத்திலேயே இல்லை. தவறிப்போன எறிதல்களும் இல்லை. பந்து உள்ளங்கையில் சற்றுத் தங்கியதையும் இரண்டு, மூன்று இடங்களில் கண்டோம். தெரு ஆட்டத்தில் அதற்கு விசில் ஊதுவது அரிது. பிறகு ஆல்ஸ்டன் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியதைக் காட்டினார். 2008-இல் ஹூஸ்டன் அணி தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்றபோது பந்தைக் கொண்டுசென்றவர் அவரே. 2009-இல் ஆர்லாண்டோ அணியோடு இறுதிச் சுற்று வரை சென்றார். அங்கே துள்ளலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பந்து வந்ததும் பிறருக்குப் போய்விடுகிறது.

எங்களுள் சிலருக்கு அது சப்பென்றிருந்தது என்பதை மறைக்கவில்லை. வித்தையே வேண்டாமா என்று கேட்டோம். அப்போதுதான் அவர் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியையைப் பற்றிக் கூறினார். 1892-இல் ஸ்மித் கல்லூரியில் மாணவியருக்குக் கூடைப்பந்தை அறிமுகப்படுத்தியவர் அவர். அவர் வகுத்த விதிகளின்படி மைதானம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருத்தி தன் பகுதியைத் தாண்டலாகாது. பந்தை மூன்று முறைக்குமேல் தட்டலாகாது. மாணவியரின் உடல்நலம் கருதியே அவ்வாறு செய்தார்கள். அமெரிக்கப் பெண்கள் இத்தகைய கட்டுகளிலிருந்து முழுதும் விடுபட 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருக் கூடைப்பந்துக் காட்சிகளில் பெண்களைக் காண்பது அரிது என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அதற்குப் பின்னால் இத்தனை நீண்ட கதை இருக்குமென்று நினைக்கவில்லை.

இப்போது வாரத்தில் ஒரு நாள், பயிற்சியின் முதல் பத்து நிமிடம் பெரென்சன் விதிப்படி ஆடுகிறோம்: மூன்று தட்டு, பிறகு பந்தைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் கத்துகிறோம், எல்லாரும் ஓடுகிறோம், பந்து ஓரிடத்தில் நிற்பதில்லை. பத்து நிமிடம் முடிந்து விசில் ஒலித்ததும் அவரவர் இஷ்டம். அன்று விசில் வாங்கியவள் பந்தை எடுத்துக்கொண்டு, உள்ளங்கை மேலேயே இருக்கிறதா என்று எங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதே கிராஸ்ஓவரைத் தொடங்கிவிடுகிறாள்.