சூரியக் காற்றும் ஓர் உதவிப் பேராசிரியரும்

பேராசிரியர் என்றதும், கையில் சுண்ணக்கட்டியுடன் கரும்பலகையின் முன் நிற்கும் ஒருவரே நம் மனக்கண்ணில் தோன்றுவார். பல்கலைக்கழகப் பேராசிரியரின் வேலையில் அது ஒரு பகுதிதான். சூரியனையும் கோள்களையும் ஆராயும் துறைகளில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாம் போட்ட கணக்கைத் தம்மைவிட அனுபவம் மிக்கவர்களின் முன் வைத்து, அவர்கள் அதைத் துருவித் துருவி ஆராய விடுவதே அது. இந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிய, ஒரே ஒருவருடைய பணிவாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் யூஜின் பார்க்கர்.

பார்க்கர் 1927-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். அந்த மாநிலத்திலேயே பட்டப்படிப்பை முடித்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1951-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கிருந்த வால்டர் எல்சாசர் என்னும் அறிஞருடன் பழகியதில், காந்தப்புலமும் மின்னூட்டம் பெற்ற வாயுவும் ஒன்றையொன்று எப்படி இழுத்துச் செல்கின்றன என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். 1955-இல், காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியாளரான ஜான் சிம்ப்சன் அவரைச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். முதலில் ஆராய்ச்சி உதவியாளர். 1957-இல் உதவிப் பேராசிரியர்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பதவி பொதுவாகச் சில ஆண்டுகளுக்கான தவணைப் பதவியே. தவணை முடியுமுன் அவருடைய ஆராய்ச்சியையும் கற்பிக்கும் திறனையும் துறையினர் எடைபோடுவர். வேறு பல்கலைக்கழகங்களில் உள்ள அறிஞர்களுக்கும் எழுதிக் கருத்துக் கேட்பர். தேறினால் நிலையான பணி கிடைக்கும்; தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நிலையில் இருக்கும் ஓர் இளைஞர், துறையின் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சொன்னால் என்ன ஆகும்?

இரண்டு அறிஞர்கள், ஒரு முரண்பாடு

முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி வெண்மையாக ஒளிரும் கொரோனாவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது சூரியனின் புற வளிமண்டலம். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். கொரோனாவிலோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல்!

சிட்னி சாப்மன் என்ற ஆங்கிலேய அறிஞர், இவ்வளவு சூடான வாயு வெப்பத்தை நன்கு கடத்தும் என்பதால், கொரோனா நெடுந்தூரம் பரவியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அவர் கணக்குப்படி அது பூமியையும் தாண்டிச் செல்கிறது. ஆனால் அவருடைய கொரோனா அசையாமல் நிற்கும் ஒன்று. ஜெர்மன் நாட்டு லூட்விக் பியர்மன் வேறொரு வழியில் வந்தார். வால்நட்சத்திரங்களின் வாயு வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்கிறது. சூரிய ஒளியின் அழுத்தம் அதற்குப் போதாது. ஆகவே சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் இடைவிடாமல் துகள்கள் விரைந்து வந்துகொண்டிருக்க வேண்டும் என்றார் அவர்.

பார்க்கர் இருவருடனும் பேசியவர். ஒரே வெளியில் ஒரு வாயு அசையாமல் நிற்க, அதன் ஊடே இன்னொரு வாயு பாய்ந்து செல்ல முடியுமா? மின்னூட்டம் பெற்ற வாயுக்களில் காந்தப்புலம் கலந்திருப்பதால் அது நடவாது. அப்படியானால் சாப்மனின் கொரோனாவும் பியர்மனின் துகள் ஓட்டமும் ஒன்றேயாக இருக்க வேண்டும். சூரியனுக்கு அருகில் மெல்ல நகரும் கொரோனாவே தொலைவில் பெருங்காற்றாகி விடுகிறது!

நீங்களும் போடக்கூடிய கணக்கு

பார்க்கரின் கணக்கு கல்லூரிப் படிப்புக்கு உரியது. அதன் சாயலை மட்டும் பள்ளிக் கணிதத்தில் காட்டுகிறேன். சூரியப் பரப்பிலிருந்து விடுபடு வேகம் நொடிக்கு 618 கி.மீ. பத்து லட்சம் டிகிரி வெப்பநிலையில் ஒரு புரோட்டானின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 157 கி.மீ. தான். எனவே சூரியனின் பிடியிலிருந்து அது தப்ப முடியாது என்று தோன்றும். ஆனால் விடுபடு வேகம் தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். சூரிய மையத்திலிருந்து 4 சூரிய ஆரத் தொலைவில் அது பாதியாகி 309 கி.மீ. ஆகிறது, 16 ஆரத் தொலைவில் கால் பங்காகி 154 கி.மீ. ஆகிறது. வெப்பம் நன்கு கடத்தப்படுவதால் வாயுவின் சூடு தொலைவில் மெதுவாகத்தான் குறைகிறது. ஆகவே ஓரிடத்தில் வெப்பத்தின் கை ஓங்கிவிடுகிறது. பூமி இருப்பதோ 215 ஆரத் தொலைவில்!

துகள் துகளாக அல்லாமல் வாயு முழுவதையும் ஓர் ஓட்டமாகக் கருதியே பார்க்கர் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை இது: வாயு மெல்லக் கிளம்புகிறது, சில சூரிய ஆரத் தொலைவில் ஒலியின் வேகத்தை எட்டுகிறது, அதற்கப்பால் அதையும் மிஞ்சி, நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் கோள்களைக் கடந்து செல்கிறது. ராக்கெட்டின் பின்புறக் குழலில் ஓரிடம் குறுகிப் பிறகு விரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே மெதுவாகச் செல்லும் வாயு அந்தக் குறுகலைத் தாண்டியதும் ஒலியை மிஞ்சிப் பாய்கிறது. சூரியனின் ஈர்ப்பு இங்கே அந்தக் குறுகலின் வேலையைச் செய்கிறது. இந்த ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பார்க்கர் பெயரிட்டார்.

ஆய்விதழின் வாசலில்

கட்டுரை அமெரிக்காவின் புகழ்பெற்ற வானியற்பியல் ஆய்விதழுக்குச் சென்றது. இத்தகைய இதழ்களில் கட்டுரை நேராக அச்சேறுவதில்லை. அத்துறை வல்லுநர்களிடம் கருத்துக்கு அனுப்பப்படும். அவர்கள் யாரென்று கட்டுரையாளருக்குத் தெரியாது. பார்க்கரின் கட்டுரையை முதல் வல்லுநர் மறுத்தார். எழுதுமுன் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்ற தோரணையில் அந்தக் குறிப்பு இருந்ததாகப் பார்க்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் வல்லுநரும் மறுத்தார்.

அந்த இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1930-இல் இங்கிலாந்து சென்ற சுப்ரமணியன் சந்திரசேகர். 1937 முதல் அவரும் சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். வல்லுநர்கள் இருவரும் தவறு என்கிறார்களே என்று அவர் பார்க்கரிடம் கேட்டார். கணக்கில் இன்ன இடத்தில் பிழை என்று எவரும் காட்டவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகருக்கும் இந்தக் கருத்து பிடிக்கவில்லை. எனினும் அவர் கணக்கைப் பார்த்தார், பிழை காணவில்லை. வெளியிட முடிவு செய்தார். 1958 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. அப்போது பார்க்கருக்கு வயது 31.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது சந்திரசேகரின் செயலே. தமக்குப் பிடித்த கருத்தை வெளியிட யாராலும் முடியும். 1935-இல் லண்டனில், இறக்கும் விண்மீன்களைப் பற்றிய தமது கணக்கை அவர் வெளியிட்டபோது, எடிங்டன் என்னும் மாமேதை அதே கூட்டத்தில் எழுந்து அதை எள்ளினார். சந்திரசேகருக்கு அப்போது வயது 24. எடிங்டனும் கணக்கில் பிழை காட்டவில்லை.

அச்சேறியதால் வழக்கு முடிந்துவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தையே சேர்ந்த ஜோசப் சேம்பர்லின் 1960-இல் எதிர்க்கணக்கு ஒன்றை வெளியிட்டார். கொரோனாவிலிருந்து துகள்கள் ஆவியாவது போல் மெல்லக் கசிகின்றன, அது காற்றல்ல, வெறும் இளந்தென்றல் என்றார் அவர். ஒரே பல்கலைக்கழகத்தார் அச்சில் மோதிக்கொள்வது இத்துறையில் பகை அன்று. வேலையின் ஒரு பகுதி.

இனித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது கருவிதான். 1959-இல் சோவியத் லூனா கலங்களில் கிரிங்காஸ் வைத்த கருவிகள் துகள் ஓட்டம் இருப்பதைக் காட்டின. 1962 ஆகஸ்டில் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர்-2 ஐயத்தை நீக்கியது. பயணத்தில் நாள்தோறும் காற்று வீசிக்கொண்டே இருந்தது. வேகம் நொடிக்கு 300 முதல் 800 கி.மீ. வரை. அந்த அளவுகளை எடுத்தவர்களில் ஒருவரான மார்சியா நியூகேபாவர் முதுநிலைப் பட்டத்துடன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர், பேராசிரியர் அல்லர். இத்துறையில் உழைப்போர் எல்லோரும் பல்கலைக்கழகப் பதவி வழியாகவே வருவதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். அதே 1962-இல் பார்க்கர் முழுப் பேராசிரியர் ஆனார்.

நொடிக்கு 400 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 15 கோடி கி.மீ. தொலைவைக் கடக்க இக்காற்றுக்கு எத்தனை நாள் ஆகும்? நான்கு நாட்களுக்குச் சற்று அதிகம். பூமியிலிருந்து பார்க்க, சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாட்கள். ஆகவே காற்று நம்மை அடைவதற்குள் சூரியன் ஏறத்தாழ 58 டிகிரி திரும்பிவிடுகிறது. சுழன்றபடி தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் போல, காற்றோடு வரும் காந்தப்புலம் சுருளாக வளைகிறது. இதையும் அந்த 1958 கட்டுரையிலேயே பார்க்கர் சொல்லியிருந்தார்.

அதன்பின் பார்க்கர் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டினார், துறைத் தலைவராக நிர்வாகமும் பார்த்தார், 1995-இல் ஓய்வு பெற்றார். நம் நாட்டில் இயற்பியலில் முதுநிலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் முடித்தவர்கள் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், பெங்களூர் இந்திய வானியற்பியல் கழகம் போன்ற இடங்களில் இதே துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராயலாம். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தில் சூரியக் காற்றை அளக்கும் கருவி அகமதாபாத்தில் உருவானது. கொரோனாவைப் படமெடுக்கும் கருவி பெங்களூர்க் கழகம் அளித்தது.

2018 ஆகஸ்டில், சூரியனை நெருங்கிச் செல்ல ஒரு கலத்தை நாசா ஏவியது. உயிருடன் இருந்த ஒருவரின் பெயரை நாசா ஒரு கலத்துக்குச் சூட்டியது அதுவே முதன்முறை. 91 வயதுப் பார்க்கர் அது கிளம்புவதை நேரில் பார்த்தார். 2021-இல் அக்கலம் கொரோனாவுக்குள் நுழைந்தது. 2022 மார்ச்சில் பார்க்கர் காலமானார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தொலைவில் பறந்தது. 5,500 டிகிரிப் பரப்பின் மேல் பத்து லட்சம் டிகிரிக் கொரோனா எப்படி வந்தது? எண்ணற்ற சிறுசிறு காந்த வெடிப்புகளே காரணம் என்று பார்க்கர் 1988-இல் எழுதினார். வேறு அறிஞர்கள் காந்த அலைகளே காரணம் என்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.