தேயிலைக்குள் ஒரு சூத்திரம்

கேள்வி: ஒரு சேர்வையின் அனுபவச் சூத்திரத்தை ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புத்தக உதாரணங்கள் மனதில் நிற்கவில்லை.
- உயர்தர மாணவி, தெமோதரை

பதில்: உங்கள் ஊர் மலைச்சரிவுகளில் வளரும் தேயிலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம், தங்கையே. அதில் இருக்கும் கஃபீனை 1819இல் ஜெர்மானியரான ரூங்கே கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையில் கிடைத்த பொருளுக்குத் 'தெயின்' என்று வேறு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1838இல் உறுதியானது.

முதலில் சேர்வையைத் தூய்மையாக்கி நிறுக்க வேண்டும். அதை ஒட்சிசனில் முழுதாக எரித்து, வெளிவரும் காபனீரொட்சைட்டையும் நீரையும் நிறுத்தால் காபனும் ஐதரசனும் தெரியும். நைதரசனைத் தனியே அளப்பார்கள். பெரும்பாலும் மீதியே ஒட்சிசன்.

கஃபீனில் காபன் 49.5, ஐதரசன் 5.15, நைதரசன் 28.9, ஒட்சிசன் 16.5 சதவீதம். இவற்றை முறையே 12, 1, 14, 16 என்னும் சாரணுத் திணிவுகளால் வகுத்தால் 4.12, 5.15, 2.06, 1.03 வரும். எல்லாவற்றையும் மிகச்சிறிய 1.03ஆல் வகுங்கள்: 4:5:2:1. இதுதான் அனுபவச் சூத்திரம்.

இதன் திணிவு 97. கஃபீனின் மூலக்கூற்றுத் திணிவோ 194, சரியாக இரண்டு மடங்கு. ஆகவே மூலக்கூற்றில் காபன் 8, ஐதரசன் 10, நைதரசன் 4, ஒட்சிசன் 2.

விகிதம் 1.5 என வந்தால் 2 என்று முழுமையாக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். பரீட்சையில் பலர் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான். இன்றே ஒரு தாளில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.