ஃபோசிக்கு முன்னே போனவர்

கேள்வி: காட்டுக்கே போய்க் கொரில்லாக்களை முதலில் ஆராய்ந்தவர் டயான் ஃபோசிதானே?

பதில்: இல்லை. அவர் 1967-ல் ருவாண்டாவில் முகாம் போடுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே ஹெரால்ட் பிங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர் போய்விட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் யெர்க்ஸ் அனுப்பி, 1929-ல் மனைவியோடு பெல்ஜியக் காங்கோவின் மலைக்காடுகளுக்குச் சென்றார். கூடவே சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் என்று ஒரு பட்டாளம்! இத்தனை பேரைக் கண்டால் கொரில்லா நின்று முகம் காட்டுமா? பெரும்பாலும் அவை விட்டுப்போன தடங்களையும், செடிகொடிகளை வளைத்து மடக்கி அமைத்த இரவுப் படுக்கைகளையுமே பார்த்துப் பார்த்துக் குறித்தார். பாய்ந்து வந்த ஓர் ஆண் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றதும் உண்டு. ஆய்வு 1932-ல் நூலானது. 1959-ல் ஜார்ஜ் ஷேலர் என்ற ஆய்வாளர் பட்டாளம் இல்லாமல், ஒளியாமல் போனார். அவரைத்தான் கொரில்லாக்கள் கிட்டே விட்டன.