சொல்லை உடைத்துப் படிப்போம்

தம்பி தங்கைகளே, நான் சிங்கப்பூரில் தாதிமை படிக்கிறேன். என்கூடப் படிக்கும் தோழி சீனாவிலிருந்து வந்தவள். 'ஹெப்பட்டைட்டிஸ்', 'நெஃப்ரைட்டிஸ்' மாதிரி பெரிய ஆங்கிலச் சொற்களை அவள் மனப்பாடம் செய்வதில்லை, உடைத்துப் பார்க்கிறாள். 'ஹெப்பட்' கல்லீரல், 'நெஃப்ர்' சிறுநீரகம். இரண்டும் கிரேக்க வேர்கள். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. சீனத்திலும் இதே அமைப்புத்தான்: 'கான்' கல்லீரல், 'ஷென்' சிறுநீரகம், 'யென்' அழற்சி. கான்யென், ஷென்யென்! நம்ம தமிழிலும் கல்லீரல் அழற்சி, சிறுநீரக அழற்சி. இனி 'ஆர்த்ரைட்டிஸ்' வந்தால் பயம் எதுக்கு? 'ஆர்த்ர்' என்றால் மூட்டு. மீதி உங்களுக்கே தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனம். 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம்; ஹைப்போடென்ஷன் தாழ் ரத்த அழுத்தம். மாற்றிப் புரிந்துகொண்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட சொற்களை ஜோடியாக எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்க.

தேக்கா பக்கத்துப் பாட்டி ஒருவர், "எனக்கு என்ன வியாதிம்மா?" என்று கேட்டால் ஆங்கிலச் சொல் மட்டும் உதவாது. அதனால் நோட்டில் மூன்று கட்டம் போடுங்க: ஆங்கிலச் சொல், அதன் பகுதிகள், தமிழ்ப் பொருள். தினமும் ஐந்து சொல் போதும்.